படகுப் பிள்ளைங்க எங்க போனாங்க? (பினாங்கு கேள்வி பதில்)

சரி, அடுத்த கேள்வி. கிள்ளான்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "அண்ணே, பள்ளி விடுமுறைக்கு அம்மாவையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு பினாங்கு வர்றோம். சியூ ஜெட்டியில படகுல ரெண்டு பிள்ளைங்க இருக்கிற சுவர் ஓவியம் இன்னும் இருக்கா? காணோம்னு சொல்றாங்களே. ஏன் திரும்ப வரையல? கம்பியில செஞ்ச கார்ட்டூன் மட்டும் எப்படி அப்படியே இருக்கு?"

நேராவே சொல்லிடறேன், அந்தப் படகை நம்பி வராதீங்க. வெளுத்து வெளுத்து, ஒண்ணும் தெரியாத அளவுக்குப் போயிடுச்சு. 2012ல, பினாங்குத் தலைநகரமான ஜார்ஜ் டவுன்ல நடந்த விழாவுக்காக எர்னஸ்ட் சக்காரெவிச்னு லிதுவேனியாக்காரர் வரைஞ்சது. ஆர்மீனியன் ஸ்திரீட்ல நிஜ சைக்கிளைச் சுவரோட ஒட்ட வச்சு ரெண்டு பிள்ளைங்களை வரைஞ்சிருப்பாரே, அவரேதான்.

ஏன் அழியுதுன்னா, ஜெட்டி வீடெல்லாம் கடல் மேல கால் ஊனி நிக்குது. வெயில், உப்புக் காத்து, மழை மூணும் நேரா அடிக்கும். டவுனுக்குள்ள வேற பிரச்சினை. அங்க பழைய கடைவீடுங்க செங்கல் வச்சுக் கட்டி சுண்ணாம்பு பூசினது. தரையில உள்ள ஈரம் சுவர் வழியா மேல ஏறும், கூடவே உப்பையும் கொண்டு வரும். ஈரம் வெளிய வரப் பார்க்கும்போது மேல இருக்கிற பெயின்டைத் தள்ளும். அதனாலதான் சுவரோட அடிப்பக்கம் முதல்ல உரியும். அடுத்த தடவை போனா கால்கிட்ட பாருங்க, பொடிப் பொடியா உதிர்ந்து கிடக்கும்.

திரும்ப வரையலாமேன்னா, வரையலாம். ஆனா வேற ஒருத்தர் தொட்டா அந்தப் பிள்ளை மூஞ்சி வேற மூஞ்சி ஆயிடும். எனக்கு அதுல அவ்வளவா இஷ்டம் இல்ல.

கம்பியில அந்தத் தொல்லை இல்லைங்க. துருப் பிடிச்சா சுரண்டிட்டுக் கறுப்புப் பெயின்ட் ஒரு கோட்டிங் அடிச்சாப் போதும், கோடு அப்படியே இருக்கும். யார் அடிச்சாலும் படம் மாறாது. 2008ல ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமா அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் மாநில அரசாங்கம் போட்டி வச்சு, தெருக் கதைகளைச் சொல்ற மாதிரி இந்தக் கம்பிப் படங்களைச் செய்ய வச்சது. மொத்தம் 52. கார்ட்டூன் வரையறவங்க வரைஞ்சு குடுக்க, அந்தக் கோட்டைக் கம்பியா வளைச்சு வெல்டிங் பண்ணியிருக்காங்க. சுவரோட ஒட்டாம கொஞ்சம் தள்ளி நிக்கும். அதனால காலைல சாய்வா வெயில் அடிக்கும்போது பின்னாடி நிழல் விழுந்து, ஒரே ஆளு ரெண்டு ஆளாத் தெரிவாரு. போட்டோ எடுக்கணும்னா அந்த நேரம்தான். உச்சி வெயில்ல எடுத்துட்டு நல்லா இல்லைன்னு சொல்லாதீங்க.

எனக்குப் பெயின்டை விட இந்தக் கம்பிங்கதான் பிடிக்கும், காரணம் இருக்கு. சைக்கிள் ஓவியத்தை எந்த ஊருல வச்சாலும் அழகாத்தான் இருக்கும். கம்பி அது நிக்கிற தெருவை விட்டா அர்த்தமே இல்ல. லவ் லேன்ல ஒரு புருஷன் ஜன்னல் வழியா நழுவி இறங்கறாரு. பக்கத்துத் தெருப் பணக்காரங்க சின்ன வீடு வச்சிருந்த சந்துன்னு ஊர்ல ஒரு பேச்சு, அதைத்தான் கிண்டல் பண்ணியிருக்காங்க. பிள்ளைங்க கேட்டா நீங்களே சமாளிச்சுக்குங்க! கேனன் ஸ்திரீட்ல பீரங்கி. 1867ல கீ ஹின், துவா பெக் கோங்னு ரெண்டு சீன ரகசியச் சங்கக் கும்பலுங்க மோதிக்கிட்ட கலவரத்துல சுட்ட பீரங்கியில அந்தத் தெருவுக்குப் பேர் வந்துச்சுன்னு சொல்லுவாங்க. நம்ம கிளி ஜோசியக்காரருக்கும் ஒண்ணு இருக்கு. கிளி சொல்பேச்சு கேக்காத கிளி, அம்மாவுக்குக் கட்டாயம் காட்டுங்க. மந்திரி ஸ்திரீட் பக்கம் செருப்பு தைக்கக் கத்துக்கிட்டு, அப்புறம் உலகப் புகழ் பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஆன ஜிம்மி சூவுக்கும் ஒண்ணு. அவரு பினாங்குப் பிள்ளைதான்.

வழி சுலபம். காலைல பசியாறிட்டு, வெல்ட் கீ பக்கம் சியூ ஜெட்டியில ஆரம்பிங்க. பலகை மேல நடந்து கடைசி வரைக்கும் போயிட்டு வாங்க. ஒண்ணு மட்டும், அங்க இன்னும் குடும்பங்க குடியிருக்காங்க. ஜன்னலுக்குள்ள போனை நீட்டாதீங்க, அது நடக்குது, பார்க்க சங்கடமா இருக்கு. திரும்பி ரோட்டைத் தாண்டினா ஆர்மீனியன் ஸ்திரீட் பக்கம் வந்துடலாம். சின்னவங்களுக்கு சூலியா ஸ்திரீட் கடற்கரைப் பக்கம் சந்துல ஊஞ்சல் ஓவியம் இருக்கு. அண்ணனும் தங்கச்சியும் ஆடற மாதிரி படம், ஊஞ்சல் நிஜம், ஏறி உட்காரலாம். 52ஐயும் ஒரே நாள்ல முடிக்கணும்னு அம்மாவை இழுத்துக்கிட்டு அலையாதீங்க. முட்டி வலிச்சா டவுனைச் சுத்தற கேட் (CAT) பஸ் இருக்கு, காசு கிடையாது.

அடுத்த கேள்வி, எந்தக் கடை நாசி கண்டார் சோறு நல்லதுன்னு. ஐயோ, அதுக்குப் பதில் சொல்லிட்டு நான் இந்த ஊர்ல நடமாட முடியாது. அதை விட்டுருவோம்.