"அந்தப் புது இங்கிலீஷ் எங்களுக்கு வேண்டாம்": 1549ல் கார்ன்வால் ஜனங்க சொன்னது

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன். 1549 ஜூன் 10, திங்கட்கிழமை. இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில டெவன் மாவட்டம், அதுல சாம்ப்ஃபோர்ட் கோர்ட்னேன்னு ஒரு சின்ன ஊர். முந்தின நாள் பெந்தெகொஸ்தே ஞாயிறு, அரசாங்கம் சொன்ன மாதிரியே குருவானவர், லத்தீன் கத்தோலிக்கப் பூசைக்குப் பதிலா வந்த புது புராட்டஸ்டன்ட் ஜெபப் புத்தகத்தை வெச்சு இங்கிலீஷ்ல வழிபாடு நடத்திட்டார். மறுநாள் ஊரே அவர்கிட்ட போய் நின்னுச்சு, இன்னைக்கு என்ன செய்யப் போறீங்க சாமி, பழைய பூசையா புதுசான்னு கேட்டாங்க, அவர் சட்டத்தைச் சொல்லிப் பார்த்தார், இவங்க விடல, கடைசில பழைய அங்கிய மாட்டிக்கிட்டு லத்தீன்லயே பூசை வெச்சார். அங்க கிளம்புன கலகம்தான் ரெண்டு மாசத்துக்கு மேல எரிஞ்சுது.

ஒரு புத்தகத்துக்காகவா இவ்ளோ சண்டைன்னு நிறைய பேர் கேப்பாங்க. புத்தகம் கடைசியா வந்தது. அதுக்கு முன்னாடியே, ரோமை விட்டுப் பிரிஞ்ச எட்டாம் ஹென்றி ராஜா காலத்துல மடங்கள மூடி நிலத்தையெல்லாம் வித்தாச்சு. அவர் போனதும் ஒன்பது வயசுப் பையன் ஆறாம் எட்வர்ட் ராஜா, ஆட்சி அவனோட மாமா சாமர்செட் கையில. 1548ல மெழுகுவர்த்தி பவனி கிடையாது, சாம்பல் புதனுக்கு சாம்பல் கிடையாது, குருத்தோலை கிடையாதுன்னு வரிசையா உத்தரவு. கோயில்ல இருந்த சுரூபங்கள எடுக்க வந்த வில்லியம் பாடிங்கிற அதிகாரிய ஹெல்ஸ்டன்ல கும்பல் கொன்னுடுச்சு. இதோட 1549ல ஆட்டுக்கு தலைக்கு இவ்வளவுன்னு வரி வேற. டெவன்காரன் பொழப்பே ஆடும் கம்பளியும்தான், அப்ப அவன் மனசு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிங்க.

டெவனுக்கு மேற்க ஒட்டியிருக்கிற கார்ன்வால்ல கதை இன்னும் ஆழம். அங்க மேற்குப் பக்கத்துல பேசினது கார்னிஷ், அது வேல்ஸ்ல பேசற வெல்ஷுக்கும் பிரான்ஸ் ஓரத்துல பேசற பிரெட்டனுக்கும் தங்கச்சி மொழி, இங்கிலீஷுக்கு நேரடி உறவே இல்ல. அங்க போட்மின்ங்கிற ஊர்ல கூடின கூட்டத்துக்கு உள்ளூர் நிலக்காரர் ஹம்ப்ரி அருண்டல் தலைமை எடுத்தார். இவங்களும் டெவன்காரங்களும் சேர்ந்து எழுதின கோரிக்கைல புது வழிபாடு கிறிஸ்துமஸ் கூத்து மாதிரி இருக்குன்னு சொன்னாங்க, எங்கள்ல சில பேருக்கு இங்கிலீஷே தெரியாது, இந்தப் புது இங்கிலீஷ் எங்களுக்கு வேண்டவே வேண்டாம்னும் எழுதினாங்க. அந்தப் புத்தகத்த உருவாக்கின பேராயர் கிரான்மர் பதிலுக்கு மடக்கினார், உங்கள்ல லத்தீன் தெரிஞ்சவன் மட்டும் எத்தனை பேருன்னு.

கேக்கறப்ப சரியான கேள்வி மாதிரிதான் இருக்கும், ஆனா எனக்கு அதுல உடன்பாடு இல்ல. லத்தீன் அவங்களுக்கு வார்த்தை வார்த்தையா புரிஞ்சிருக்காது, ஆனா அவங்க தாத்தாவ அடக்கம் பண்ணப்ப கேட்ட ஓசை அது, எந்த எடத்துல மணி அடிக்கும், எப்ப முழங்கால் போடணும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். இங்கிலீஷ் அப்படி இல்லையே, அது வரி வாங்க வர்றவன் பேசற மொழி. புரியற மொழில ஜெபம்ங்கிறதுதான் கிரான்மரோட கொள்கைன்னா கார்னிஷ்ல ஒரு புத்தகம் போட்டிருக்கணும், அது அவருக்குத் தோணவே இல்ல.

சண்டைய சுருக்கமா சொல்றேன். ஜூலை 2ல இருந்து அஞ்சு வாரம் கலகக்காரங்க டெவனோட பெரிய நகரம் எக்ஸெட்டர முற்றுகை போட்டாங்க. உள்ள இருந்தவங்கள்லயும் நிறைய பேருக்கு பழைய விசுவாசம்தான், ஆனாலும் ராஜாவுக்கு எதிரா கதவத் திறக்க மாட்டோம்னு பசியோட கிடந்தாங்க. அரசாங்கம் அனுப்பின ரஸ்ஸல் பிரபு ஜெர்மன், இத்தாலிக் கூலிப்படையோட வந்தார். கிளிஸ்ட் ஹீத்ங்கிற எடத்துல பிடிபட்ட 900 பேர கையக் கட்டிப் போட்டு பத்தே நிமிஷத்துல கழுத்தறுத்தாங்கன்னு சொல்லப்படுது. ஆகஸ்ட் மத்தில, கலகம் ஆரம்பிச்ச அதே சாம்ப்ஃபோர்ட் கோர்ட்னேலயே எல்லாம் முடிஞ்சுது.

இதுல என்னால மறக்க முடியாதவர் எக்ஸெட்டர் ஓரத்துல செயின்ட் தாமஸ் கோயில்ல குருவா இருந்த ராபர்ட் வெல்ஷ். பென்ரின்ல பொறந்த கார்ன்வால்காரர், கலகக்காரங்க பக்கம் நின்னவர். முற்றுகை நேரத்துல அவங்க பக்கத்து பீரங்கிக்காரன் ஒருத்தன் நெருப்புக் குண்டு போட்டு நகரத்தையே கொளுத்திடறேன்னு நின்னப்ப, கூடாதுன்னு தடுத்தது இவர்தான். இத எழுதி வெச்சவர் அப்ப நகரத்துக்குள்ள மாட்டியிருந்த ஜான் ஹூக்கர், அவர் புது மார்க்கமான புராட்டஸ்டன்ட், எதிரிக் கட்சி. அப்படிப்பட்ட மனுஷனத்தான் பூசை அங்கியோட, தீர்த்தச் செம்பும் ஜெபமாலையும் உடம்புல கட்டி அவர் கோயில் கோபுரத்துலயே தொங்கவிட்டாங்க. அருண்டல 1550 ஜனவரில லண்டன் டைபர்ன்ல தூக்குல போட்டாங்க. சாமர்செட்டும் தப்பல, அதே கோடைல நார்ஃபோக்ல கெட் தலைமைல இன்னொரு கலகம், ரெண்டும் சேர்ந்து அக்டோபர்ல அவர் பதவி போச்சு.

ஆனா பெரிய விளைவு மெதுவா வந்துச்சு. கார்னிஷ் நாடகங்கள வளர்த்த பென்ரின் கிளாஸ்னிங்கிற குருமார் கல்லூரிய 1548லயே மூடியாச்சு, கார்னிஷ் பேசற ஆம்பளைங்க நிறைய பேர் போர்ல போயிட்டாங்க, கோயில்ல வாரா வாரம் இங்கிலீஷ். வெல்ஷுக்கு 1567ல ஜெபப் புத்தகமும் புதிய ஏற்பாடும், 1588ல முழு பைபிளும் கிடைச்சுது, அந்த மொழி இன்னைக்கும் வீட்டுல புழங்குது. கார்னிஷுக்கு அப்படி எதுவும் வரல, 1777ல கார்ன்வாலோட மவ்ஸல் ஊர்ல செத்துப்போன டாலி பென்ட்ரீத்ங்கிற பொம்பளையோட அது முடிஞ்சுதுன்னு ரொம்ப காலம் சொல்லிட்டிருந்தாங்க.

ஆனா ஒருத்தர் முயற்சி பண்ணியிருக்கார். எட்வர்டுக்கு அப்புறம் வந்த மேரி ராணி காலத்துல கத்தோலிக்கம் திரும்ப வந்த சமயம், ஜான் ட்ரெகேர்னு ஒரு குருவானவர் பன்னெண்டு பிரசங்கத்த தன் கைப்பட கார்னிஷ்ல மொழிபெயர்த்தார். அது அச்சுக்குப் போகல. அந்தக் கையெழுத்துக் கட்ட யாரோ கண்டெடுத்தப்ப வருஷம் 1949.