ராத்திரி முழுக்க பிளக் போட்டும் காலையில் இன்ஜின் ஜில்லென்று இருந்தால்

அடுத்த கேள்வி கனடாவில் எட்மண்டனிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். ராம் 2500 வைத்திருக்கிறார், 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல், 2014 மாடல். "அண்ணா, ராத்திரி முழுக்க பிளாக் ஹீட்டரைச் செருகி வைத்தேன். காலையில் மைனஸ் 31. வண்டி முக்கி முனகித்தான் ஸ்டார்ட் ஆனது. ஹீட்டர் போய்விட்டது, மாற்றணும் என்று கடையில் சொல்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. பிளாக் ஹீட்டர் என்பது, கடுங்குளிரில் நிற்கிற வண்டியின் இன்ஜினைக் கரண்ட்டில் சூடாக வைக்கிற சாதனம். பாவம், கூலன்ட்டுக்குள் (இன்ஜினைச் சுற்றி ஓடுகிற திரவம்) முழுகிக் கிடக்கிற ஒரு கம்பிச்சுருள். நம் வீட்டு வாட்டர் ஹீட்டர் ராடுக்குத் தம்பி மாதிரி. அது சாவதற்கு முன்னால் பெரும்பாலும் வயர்தான் சாகும். பனி உருகுவதற்கு ரோட்டில் போடுகிற உப்பெல்லாம் முன் பம்பருக்குக் கீழே தொங்குகிற அந்த பிளக்கில்தானே போய் உட்காருகிறது!

முதலில் சுவரில் கரண்ட் வருகிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், ஜிஎஃப்சிஐ (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துகொள்கிற பாதுகாப்பு சாக்கெட்) ட்ரிப் ஆகிக் கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்றால் மட்டும் சும்மா விடாதீர்கள், எங்கேயோ ஈரத்தில் லீக் ஆகிறது. ஆபீஸ் பார்க்கிங்கில் செருகுகிறவர்களுக்கு இன்னொன்று: சில இடங்களில் விட்டு விட்டுத்தான் கரண்ட் கொடுப்பார்கள். அது கோளாறு இல்லை.

சரி, கரண்ட் வருகிறது. இப்போது மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். வண்டியின் பிளக்கை சுவரிலிருந்து கழற்றிவிட்டு, இரண்டு தட்டைப் பின்களிலும் மீட்டரை வையுங்கள். உங்கள் ஹீட்டர் 750 வாட்ஸ், அங்கே 120 வோல்ட். கணக்குப் போட்டால் (120 × 120 ÷ 750) சுமார் 19 ஓம்ஸ் வரணும். அதை ஒட்டி வந்தால் ஹீட்டரும் நல்லது, வயரும் நல்லது. எக்ஸ்டென்ஷன் கார்டைச் சந்தேகப்படுங்கள். அப்புறம் ஒரு தட்டைப் பின்னிலும் உருண்டை எர்த் பின்னிலும் வையுங்கள். அங்கே எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் பாடிக்குக் கசிகிறது என்று அர்த்தம், மறுபடி செருகவே வேண்டாம்.

முதல் சோதனையில் மீட்டர் ஒன்றுமே காட்டவில்லையா? அப்போதும் ஹீட்டர் வாங்க ஓடாதீர்கள். இன்ஜினின் பாசஞ்சர் பக்கம், ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் எட்டிப் பாருங்கள், வயர் போய் ஹீட்டரில் திருகியிருக்கும். அதைக் கழற்றி, ஹீட்டரின் பின்களிலேயே நேராக அளந்து பாருங்கள். அங்கே 19 வந்தால் வயரை மட்டும் மாற்றினால் போதும், கூலன்ட்டைத் தொடவே வேண்டாம். இப்படித்தான் ஹீட்டர் மாற்றவென்று ஒருவர் வந்தார். வயரைத் திருகிக் கழற்றினால் ஒரு பின் முழுக்கப் பச்சையாகப் பூத்திருந்தது, பக்கத்து ரப்பர் உருகிக் கருகியிருந்தது. ஹீட்டர் புதுசு மாதிரி இருந்தது.

டுராமேக்ஸ் (ஜிஎம் வண்டிகளின் டீசல் இன்ஜின்) வைத்திருப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வயரிலேயே ஒரு தெர்மோஸ்டாட் (குளிரைப் பார்த்துத் தானே இயங்குகிற ஸ்விட்ச்) உண்டு. மைனஸ் 18 அளவுக்குக் குளிர்ந்தால்தான் கரண்ட்டை விடும். கதகதப்பான கராஜில் நின்று அளந்துவிட்டு "செத்துப்போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள்.

ஹீட்டரிலேயே ரீடிங் இல்லையென்றால்தான் மாற்றும் வேலை. இன்ஜின் நன்றாக ஆறட்டும். ரேடியேட்டர் கூலன்ட்டை வடித்துவிடுங்கள். அப்படியும் ஹீட்டரைக் கழற்றும்போது பிளாக்கில் மிச்சமிருப்பது குபுக்கென்று கையில் வழியும், கீழே பெரிய தட்டு வையுங்கள். தரையில் சிந்தியதை உடனே துடையுங்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து. ஓட்டையின் வாயைத் துணியால் நன்றாகத் துடைத்து, புது ஓ-ரிங்கில் (கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம்) கொஞ்சம் கூலன்ட் தடவிப் போடுங்கள். எலிமென்ட் (அந்தக் கம்பிச்சுருள்) உள்ளே பிளாக்கின் சுவரைத் தொடாமல் இருக்கணும், தொட்டால் அந்த இடத்திலேயே கருகிவிடும். வயரின் பின்களில் ஈரம் புகாமல் காக்கிற டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வையுங்கள். 2013-க்குப் பிறகு வந்த ராம் என்பதால் ஓஏடி (OAT) வகைக் கூலன்ட்தான் ஊற்றணும், பழைய ஹெச்ஓஏடி (HOAT) வகையோடு கலக்காதீர்கள்.

இதற்கப்புறம்தான் பலபேர் கோட்டை விடுவது. கூலன்ட் ஊற்றிய கையோடு "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று செருகிவிடுவார்கள். உள்ளே காற்று நின்றால் எலிமென்ட் காய்ந்து எரிந்துபோகும், புதுசு அன்றைக்கே காலி. முதலில் இன்ஜினை ஓட்டி, கேபின் ஹீட்டரை முழுசாக வைத்து, காற்றெல்லாம் வெளியேறியபின் கூலன்ட்டை நிரப்பிவிட்டுச் செருகுங்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் காது கொடுத்தால் வெந்நீர் பானை மாதிரி 'உஸ்' என்று லேசாகக் கேட்கும்.

ராத்திரி முழுக்கவும் தேவையில்லை தம்பி. 10 மணி நேரம் ஓடினால் 7.5 யூனிட், கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்னால் டைமர் வைத்தால் 3 யூனிட். டைமர் வெளியிடத்துக்கானதாக, 15 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். முதலில் அந்த ஓம்ஸ் எவ்வளவு வந்தது என்று கமென்ட்டில் எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.