மாம்பழ வாசனை

வணக்கம். பெங்களூர் அல்சூர்ல முப்பது வருஷமா மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். நான் டாக்டர் இல்லீங்க. பசங்க போதைப் பழக்கம் பத்தி, கவுன்ட்டருக்கு உள்ள நின்னு பாத்ததை ரேடியோவுல பேசினா போதும்னாங்க, வந்துட்டேன்.

போன மழைக்காலத்துல ஒரு நாள் ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிட்டேன். குனிஞ்சு உள்ள வந்தாங்க ஒரு அம்மா. அவங்க பையனுக்கு கிரைப் வாட்டர் குடுத்த காலத்துலேர்ந்து தெரியும். கைக்குட்டையைப் பிரிச்சு ஒண்ணைக் காட்டினாங்க. ஸ்கெட்ச் பேனா அளவு, அடியில சார்ஜர் சொருகுற ஓட்டை, நுனியில பல்லு பட்ட தடம். "அண்ணா, யூனிஃபார்ம் பேன்ட்டுல இருந்துச்சு. பென் டிரைவுன்னு நெனச்சேன். மாம்பழ வாசனை வருதே?"

வேப்பு, அதான் பேட்டரியில ஓடுற இ-சிகரெட்டுன்னு சொன்னேன். அழல. சட்டுனு கோவம்தான் வந்துச்சு, அதுவும் தன் மூக்கு மேல. "இவங்கப்பா பீடி பிடிச்சா தெருமுனையில வரும்போதே சொல்லிடுவேன். இது என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கு, தெரியலையே!"

எப்படிம்மா தெரியும்? இதுல புகையிலை எரியறதில்ல. பேட்டரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்கும், திரவம் ஆவியாகும். பசங்க "வெறும் தண்ணி ஆவிதான் ஆன்ட்டி"ம்பாங்க. தண்ணி இல்லீங்க. கிளிசரின் மாதிரி சமாச்சாரம், வாசனை எசன்ஸ், பெரும்பாலும் நிகோடின். எசன்ஸ் ஐஸ்கிரீம்ல போனா வயித்துக்கு. இது போறது நுரையீரலுக்கு. அந்த நிகோடினையும் தொண்டை கமறாத உப்பு வடிவத்துல கலக்குறாங்க. முதல் சிகரெட்ல இருமி, கண்ணுல தண்ணி வந்து, விட்டுட்டு ஓடின பசங்க எத்தனை பேர்! அந்த இருமல்தாங்க காவல்காரன். அவனையே கழட்டி விட்டுட்டாங்க. அப்புறம், சிகரெட் ஒண்ணு முடிஞ்சா கை காலி. இது முடியறதே இல்ல, போர்வைக்குள்ள படுத்துக்கிட்டே இழுக்கலாம்.

அந்தம்மா நிகோடின் சூயிங்கம் கேட்டாங்க. இருக்கு, 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம்னு வருது. ஆனா பதினஞ்சு வயசுப் பையனுக்கு நான் எடுத்துக் குடுக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும். பதிலா ஒரு கேள்வியைக் குடுத்தனுப்பினேன். யார் கத்துக் குடுத்தது, காசு ஏதுன்னு இன்னைக்குக் கேக்காதீங்க. காலையில எழுந்து எத்தனை நிமிஷத்துல இது வேணும்னு தோணுதுன்னு கேளுங்க. என் சொந்தச் சரக்கு இல்ல, அடிமைத்தனத்தை அளக்க டாக்டருங்களே கேக்குற கேள்வி. எவ்வளவு சீக்கிரம் வேணும்னு தோணுதோ, பிடி அவ்வளவு இறுக்கம். யாரு கிடைச்சாலும் நான் இதைத்தான் சொல்வேன், என் வீட்டுக்காரிக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. எழுந்து எத்தனை நிமிஷத்துல?

மறுநாள் வந்தாங்க. "பல்லு விளக்குறதுக்கு முன்னாடின்னான் அண்ணா."

நிம்ஹான்ஸுக்கு, இங்க இருக்குற பெரிய மனநல ஆஸ்பத்திரிக்கு, கூட்டிட்டுப் போங்கன்னேன். போனாங்க. இப்போ அம்மாவுக்கு பிபி மாத்திரை வாங்க அவன்தான் வரான். என் முகத்தைப் பாக்க மாட்டான், சீட்டை வச்சுட்டுத் தராசையே பாத்துட்டு நிப்பான். விட்டானா இல்லையான்னு நானும் கேக்கல.

இந்த வேப்பை 2019லயே நாடு முழுக்கத் தடை பண்ணியாச்சு. வித்தா முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லேன்னா ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். அப்படியும் ஸ்கூல் பையில கிடக்குது.

மாத்திரை விஷயம்தான் முக்கியமா பேசணும்னு எழுதிட்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுறாங்க, ஒரு நிமிஷமாம். சரி, வேகமா. பாட்டியோட தூக்க மாத்திரையை எண்ணி வைங்க. டாக்டர் சீட்டு இல்லாம அதைக் கேட்டு வர்ற பையனுக்குக் குடுக்குற கடைக்காரங்களும் இருக்காங்க, எங்க தொழில்ல அது அவமானம். வொயிட்னர், பங்சர் ஒட்டுற சொல்யூஷன், இதை முகர்றதையும் லேசா எடுத்துக்காதீங்க. 2019ல வந்த மத்திய அரசு கணக்குல பெரியவங்களை விடப் பிள்ளைங்க சதவீதத்துல அதிகமா பயன்படுத்துற போதை இது ஒண்ணுதான். முகரும்போதே இதயம் நின்னு போறதும் உண்டு.

நம்பர் சொல்லிடறேன். டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி ஃபோன், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசலாம். 14416. பேனா எடுத்தாச்சா? ஒண்ணு, நாலு, நாலு, ஒண்ணு, ஆறு.