கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு

வணக்கம் நேயர்களே.

குளிர்காலம் போய்விட்டது என்று உங்களுக்கு எது சொல்லும்? காலண்டரா, வெயிலா? எனக்கு மூக்குதான் சொல்லும். ஒருநாள் காலையில் கழுத்துவரை கம்பளி சுற்றிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். மரமெல்லாம் இன்னும் மொட்டையாகத்தான் நின்றது. திடீரென்று ஒரு வாசம், எலுமிச்சைத் தோலும் கிராம்பும் கலந்த மாதிரி. யாரோ சென்ட் பூசிக்கொண்டு கடந்து போகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஆளில்லை. பத்தடி தள்ளி, மதில் ஓரமாக, இடுப்பளவு உயரத்தில் ஒரு புதர். கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்கள், ஒவ்வொன்றும் விரல்நகம் அளவுதான். உள்ளே வெள்ளை, வெளியே ரோஜாச் சிவப்பு. டாஃப்னி என்ற செடி அது. பின்பனி முடிவதற்குள்ளேயே பூத்துவிடும். வாசம் மட்டும் இல்லையென்றால் பார்க்காமலே தாண்டிப் போயிருப்பேன்.

அந்த வாசம் அப்படி ஆளை நிறுத்தியதற்குக் குளிரும் ஒரு காரணம். மணம் என்பது ஒரு பொருளிலிருந்து ஆவியாகிக் கிளம்பி வரும் மூலக்கூறுகள்தானே. குளிரில் அவை கிளம்புவதே குறைவு. போதாததற்கு வறண்ட காற்றில் மூக்கின் உள்பக்கமும் காய்ந்து கிடக்கும். கடுங்குளிர் ஊர்களில் மாதக்கணக்கில் வெளியே அநேகமாக ஒன்றுமே மணக்காது. அந்தக் குறை நமக்கு உறைப்பதும் இல்லை. முதல் வாசம் வந்த பிறகுதான், அடடா, இத்தனை நாள் இது இல்லாமலா இருந்தோம் என்று தோன்றும்.

பெரும்பாலும் பூவுக்கு முன்னால் மண் மணக்கத் தொடங்கிவிடும். உறைந்த நிலம் இளகும்போது வரும் அந்த ஈரமண் வாசத்துக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகள் செய்வது. தண்ணீரில் லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். நாயைப் பார்த்து மோப்பசக்தி என்று வியக்கிற நாம், நம் மூக்கைக் கொஞ்சம் குறைத்துத்தான் மதிப்பிட்டிருக்கிறோம்.

சரி, பூவுக்கு வருவோம். ஆப்பிள், பேரி, செர்ரி மரங்களில் வசந்தத்தில் விரியும் பூக்கள் வசந்தத்தில் உருவாவதில்லை. முந்தைய கோடையிலேயே மொட்டுக்குள் பூவின் அடிப்படை தயாராகிவிடும். அப்புறம் மொட்டு தூங்கும். நடுக்குளிரில் நாலு நாள் வெயில் அடித்ததை நம்பி விழித்துவிட்டால், அடுத்த பனியில் கருகிப் போகும். அதனால் மரம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: இத்தனை மணி நேரம் குளிரைக் கடந்தாக வேண்டும். தோட்டக்காரர்கள் பொதுவாக 0 முதல் 7 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் நேரத்தை எண்ணுவார்கள். பல ஆப்பிள் வகைகளுக்கு அது 800 முதல் 1,000 மணி நேரம் தேவை. அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் மரம் வெப்பத்துக்குச் செவிசாய்க்கும். குளிர் போதாத ஆண்டில் பூ தாமதமாக, ஒரு கிளையில் இன்று, இன்னொரு கிளையில் பத்து நாள் கழித்து என்று தாறுமாறாக வரும். குளிர் பூவுக்கு எதிரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த மரங்களுக்கோ அது இல்லாமல் பூவே சரியாக வராது.

பூக்கும் நாளைக் கண்ணால் பார்த்து எழுதி வைக்கலாம். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாட்களின் பதிவு 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கிறது. 2021இல் அங்கே மார்ச் 26ஆம் தேதியே முழுதாகப் பூத்துவிட்டது. அதுவரையிலான பதிவில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. வாசத்தை அப்படிக் குறித்து வைப்பது கடினம். காற்று திசை மாறினால் போயிற்று.

இந்த மணமெல்லாம் நமக்காக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேனீ சுமார் 10 டிகிரிக்குக் கீழே வெளியே பறப்பது அரிது. பருவத்தின் தொடக்கத்தில் பூச்சிகள் கொஞ்சம்தான். வருகிற ஒன்றிரண்டையும் தவறவிடாமல் தூரத்திலிருந்தே கூப்பிட மணம் உதவுகிறது. ஈக்களைக் கூப்பிடும் பூக்களும் உண்டு. ஹாதார்ன் என்ற முள்மரம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் குலுங்கும். கிட்டே போனால் கெட்டுப்போன மீன் வாடை. கெட்டுப்போன மீனில் இருக்கும் அதே டிரைமீதைலமீன் என்ற வேதிப்பொருள் அந்தப் பூவிலும் இருக்கிறது. பழைய தமிழில் நாற்றம் என்றால் பெரும்பாலும் நறுமணம்தான். இன்று அந்தச் சொல் தலைகீழாகிவிட்டது. ஹாதார்னுக்கு இரண்டு பொருளும் பொருந்தும்!

கடைசியாக வயலெட் பூ. தரையோடு தரையாக, இலைக்கடியில் ஒளிந்துகொண்டு பூக்கும். முகர வேண்டுமென்றால் மண்டியிட்டே ஆகவேண்டும். நானும் மண்டியிட்டேன். முதல் மூச்சில் நெஞ்சு நிறைய மணம். இரண்டாவது மூச்சில் ஒன்றுமே இல்லை. மூன்றாவதிலும் இல்லை. பூ மணப்பதை நிறுத்திவிடவில்லை. அதன் வாசத்துக்குக் காரணமான அயோனோன் என்ற பொருளுக்கு நம் மூக்கு சட்டென்று பழகி, கொஞ்ச நேரம் மரத்துப்போகிறது. 1893இல் டீமன், க்ரூகர் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் அயோனோனைப் பற்றி எழுதியபிறகு, வயலெட் மணத்தைப் பூ இல்லாமலே செய்யக் கற்றுக்கொண்டார்கள். அது பாட்டிலில் வந்தது. ஆனால் எனக்கு அன்றைக்கு வேண்டியது அந்தப் பூவின் வாசம். ஏமாந்துபோய் எழுந்தேன். முட்டியில் ஒட்டிய ஈரமண்ணைத் தட்டிவிட்டு நாலு அடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து மறுபடி வந்தது.

நன்றி. வணக்கம்.