குற்றவாளிக் கூண்டில் ஒரு நாவல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஈரானியப் பேராசிரியை அசர் நஃபீசியின் ‘ரீடிங் லோலிதா இன் டெஹ்ரான்’ என்ற நினைவு நூல் 2003-இல் வெளிவந்தது. முக்காடு போட மறுத்ததால் டெஹ்ரான் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. பின்னர் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அந்த வேலையையும் விட்டார். 1995-இல் மாணவிகள் ஏழு பேரை வியாழக்கிழமைதோறும் காலையில் தம் வீட்டுக்கு வரவழைத்து நாவல் படித்தார். நூலின் தொடக்கத்தில் இரண்டு புகைப்படங்களை விவரிக்கிறார். ஒன்றில் எல்லாரும் கறுப்பு அங்கியும் முக்காடுமாக நிற்கிறார்கள். இன்னொன்றில் அதே பெண்கள், அதே சுவர், அங்கி இல்லை. யார் எந்த நிறம் உடுத்துவார் என்பது அப்போதுதான் தெரிகிறது.

இந்த வியாழக்கிழமை வகுப்பைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. 1979-இன் ஈரான் புரட்சி முடிந்த புதிது. வகுப்பில் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ பாடம். ‘இது ஒழுக்கக்கேடான அமெரிக்க நாவல்’ என்று ஒரு மாணவர் கொதிக்கிறார். நஃபீசி அவர் வாயை அடைக்கவில்லை. சரி, விசாரணை வைத்துவிடலாம் என்கிறார். நாட்டில் அப்போது விசாரணைகளுக்குப் பஞ்சமில்லை! கொதித்த மாணவரே அரசு வழக்கறிஞர், ஒரு மாணவி எதிர்த்தரப்பு, இன்னொரு மாணவர் நீதிபதி. குற்றம் சாட்டப்பட்ட புத்தகமாக நஃபீசியே உட்காருகிறார். வெளியே ஆட்சி செய்ய மறுத்ததை அவர் வகுப்புக்குள் செய்தார்: எதிர்த்தரப்பையும் பேசவிட்டார். முறையான தீர்ப்பு எதுவும் வரவில்லை. மாணவர்கள் வகுப்புக்கு வெளியேயும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நூல் அமெரிக்க ஆதிக்கத்துக்குத் துணைபோகிறது என்று ஈரானிய-அமெரிக்கப் பேராசிரியர் ஹமீத் தபாஷி 2006-இல் கடுமையாகத் தாக்கினார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனாலும் ஹாஃபிஸ் பிறந்த மண்ணின் கதையில் ‘லோலிதா’ நாவலை எழுதிய நபகோவுக்கும் ஜேன் ஆஸ்டினுக்கும் கிடைத்த இடம் பாரசீகக் கவிகளுக்குக் கிடைக்கவில்லை என்ற குறை எனக்கும் உண்டு.

சத்துவாச்சாரியில் கல்லூரிப் பெண்கள் சிலரோடு இதைப் படித்தோம். ‘நாவலைக் கையில் எடுத்தாலே எங்கள் அம்மா, பரீட்சைக்குப் படிடி என்கிறார். அதுவும் தடைதானே?’ என்று குடியாத்தத்துப் பெண் ஒருத்தி கேட்டாள். இல்லையம்மா. அம்மா திட்டினால் மொட்டை மாடிக்குப் போய்ப் படிக்கலாம், வேலூர் வெயிலைத் தாங்கினால். அரசாங்கம் தடுத்தால் மாடிக்கும் ஆள் வரும்.

அடுத்து நாங்களும் ஒரு விசாரணை வைக்கிறோம். மு.வ.வின் ‘அகல் விளக்கு’. 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. வாலாஜாப்பேட்டை வரும் கதை, நமக்குப் பக்கத்து ஊர்தான். குற்றச்சாட்டு: அறிவுரை அதிகம். வழக்குப் போட நான்கு பேர் தயார். புத்தகமாகக் கூண்டில் உட்காரத்தான் இன்னும் ஒருத்தியும் சம்மதிக்கவில்லை.

நன்றி, வணக்கம்.