வைத்தியசாலைக் குறையை யாரிடம் சொல்வது?

[திரையில்: ஒரு பிரதேச வைத்தியசாலை, மருந்து கொடுக்கும் ஜன்னல்]

கிளினிக் கொப்பியை நீட்டுகிறார் ஓர் அம்மா. மூன்று மருந்துகளில் இரண்டு கிடைக்கின்றன. மூன்றாவதற்கு ஒரு துண்டு: வெளியில் வாங்கிக்கொள்ள வேண்டும். வவுணதீவுப் பக்கத்து ஆளென்றால் அந்த ஒரு மருந்துக்காகப் பஸ் பிடித்து, வலையிறவுப் பாலம் கடந்து, மட்டக்களப்புப் பட்டணத்துக்கு வர வேண்டும்.

ஜன்னலுக்குள் இருப்பவரை ஏசுவதில் பயனில்லை. மருந்தை அனுப்புவது அவரல்ல. பேஸ்புக்கில் எழுதினால் நூறு பேர் கோபப்படுவார்கள். ஆனால் பதில் சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

[திரையில்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வரைபடம்]

முதலில் உங்கள் வைத்தியசாலை யாருடையது என்று பாருங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை நேரடியாக மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது. ஊர்களில் இருக்கும் பிரதேச வைத்தியசாலைகள் மாகாண நிர்வாகத்துக்கு உரியவை. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் செய்த பிரிவினை இது. பிரதேச வைத்தியசாலைகளுக்குப் பொறுப்பானவர் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். அம்பாறை மாவட்டத்தில் இப்பதவி இரண்டு: ஒன்று அம்பாறையில், மற்றது கல்முனையில். திருக்கோவில்காரர் அம்பாறை நகருக்குக் கடிதம் அனுப்பினால் அது ஊர் சுற்றிவிட்டுத்தான் கல்முனைக்கு வரும். நுளம்பு, உணவுக் கடை, தடுப்பூசி, கர்ப்பிணித் தாய்மார் பராமரிப்பு என்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை.

மாகாண சபை உறுப்பினரிடம் சொல்லலாமே என்பீர்கள். கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்தது. அதன் பிறகு இதுவரை தேர்தல் இல்லை. ஆகவே பிரதேச செயலகத்தில் கூடும் ஒருங்கிணைப்புக் குழுவுக்கு விடயத்தைக் கொண்டுபோங்கள். அங்கே சுகாதார அதிகாரிகளிடம் கூட்டத்தில் வைத்தே கேட்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ கடிதத் தலைப்பில் எழுதிக் கொடுத்தால் அதைத் தட்டிக் கழிப்பது கடினம்.

பல வைத்தியசாலைகளில் அபிவிருத்திக் குழுவும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாதிக் கூட்டம் மின்விசிறி யார் வாங்கித் தருவது, மதிலுக்கு யார் வர்ணம் பூசுவது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குழுவில் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. அங்கே இடம் கேளுங்கள். நன்கொடை கொடுப்பவருக்கு மட்டுமான நாற்காலி அல்ல அது.

[திரையில்: கையால் எழுதிய ஒரு கடிதம்]

இனி என் விருப்பமான ஆயுதம்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். "ஏன் மருந்து இல்லை?" என்று கேட்டால் "தட்டுப்பாடு" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: "கடந்த ஆறு மாதங்களில் இவ்வைத்தியசாலை கோரிய மெட்போமின் (நீரிழிவு) மாத்திரைகள் எத்தனை? கிடைத்தவை எத்தனை? இருப்பில் இல்லாத நாட்கள் எவை?" கோரிய தொகையே குறைவா, அனுப்பியதுதான் குறைவா என்பது அந்த மூன்று விடைகளில் தெரிந்துவிடும்.

காரணம் சொல்லத் தேவையில்லை. நீங்கள் கேட்ட நிறுவனத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவை அறிவிக்க வேண்டும். ஓர் ஆளின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அடுத்த வீட்டாரின் மருத்துவ அறிக்கையை மட்டும் கேட்காதீர்கள், கிடைக்காது.

திகதியிட்டு, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எழுத இயலாதவர் நேரில் போய் வாயால் சொன்னாலும் போதும்: அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை என்று சட்டமே சொல்கிறது.