கப்பலேறிய குடும்பப் படங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ருஷ்யப் பேரரசின் கடற்படை அதிகாரி ஒருவரைப் பற்றி அறிய விரும்புவோர் முதலில் நாடுவது, 1724ஆம் ஆண்டு முதலாம் பீட்டர் காலத்தில் தோன்றி இன்றும் சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இயங்கிவரும் கடற்படை ஆவணக் காப்பகத்தைத்தான். அங்குள்ள பணிப்பதிவேடு அவர் எந்த ஆண்டு எந்தக் கப்பலில் பணியாற்றினார், எந்த விருதைப் பெற்றார் என்பதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லும். மனைவியும் மக்களும் மட்டும் ஒரே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுவார்கள். அந்தக் கட்டத்துக்குள் அடைபட்டவர்களின் முகங்களைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

பேரரசின் கடைசி ஐம்பது ஆண்டுகளைச் சேர்ந்த ஸ்டூடியோ படங்கள் பெரும்பாலும் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டவை. அட்டையின் கீழ்ப்பகுதியில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் பொன்னெழுத்தில் இருக்கும். குரோன்ஷ்டாட், செவஸ்தபோல், விளாடிவஸ்டாக் என்று ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தினாலே ஒரு குடும்பம் எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் துறைமுகத்துக்குப் பெயர்ந்தது என்பது தெரிந்துவிடும். சில அட்டைகளில் நாகசாகி என்றும் இருக்கும். பசிபிக் கடலில் பணியாற்றிய ருஷ்யக் கப்பல்கள் குளிர்காலத்தை அங்கே கழிப்பது வழக்கமாக இருந்ததால், உவேனோ ஹிக்கோமா என்ற புகழ்பெற்ற ஜப்பானியப் புகைப்படக் கலைஞரின் முன் அமர்ந்த ருஷ்ய அதிகாரிகள் பலர். 1904 அக்டோபரில் லிபாவ் துறைமுகத்திலிருந்து தூரக் கிழக்குக்குப் புறப்பட்ட படையில் 5,000 பேருக்கு மேல் அடுத்த ஆண்டு மே மாதம் ஜப்பானுடன் நடந்த சுஷிமா கடற்போரில் மாண்டனர். அவர்களில் பலரது வீட்டில், புறப்படுமுன் எடுத்த படமே கடைசிப் படமாக நின்றுவிட்டது.

தேதி எழுதாத படத்துக்கு உடைதான் நாட்காட்டி. தோள்பட்டைச் சின்னத்தில் ஒரு கழுகு இருந்தால் ரியர் அட்மிரல். இரண்டு இருந்தால் வைஸ் அட்மிரல். மூன்று இருந்தால் அட்மிரல். 1917 பிப்ரவரிப் புரட்சிக்குப் பிறகு, அவ்வாண்டு ஏப்ரலில் கடற்படையில் தோள்பட்டைச் சின்னங்கள் நீக்கப்பட்டு, பதவியைக் காட்டும் பட்டைகள் சட்டைக் கையில் தைக்கப்பட்டன. ஆகவே தோள் வெறுமையாகவும் கையில் பட்டையோடும் ஓர் அதிகாரி நிற்பாரானால், அந்தப் படத்தை மிகக் குறுகிய காலத்துக்குள் வைத்துவிடலாம். குழந்தைகளின் உடையும் பேசும். மாலுமிச் சட்டை போட்ட சிறுவனின் தொப்பி நாடாவில் ஒரு கப்பலின் பெயர் இருக்கும். பட்டத்து இளவரசர் அலெக்சேயின் தொப்பியில் அரச குடும்பக் கப்பலான ‘ஷ்டாண்டார்ட்’டின் பெயர் இருப்பதைப் பல படங்களில் காணலாம்.

எழுத்தை நம்புவதில் மட்டும் கவனம் வேண்டும். 1918இல் ருஷ்ய எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, சொல்லின் இறுதியில் வந்த ஒலியில்லாத எழுத்து கைவிடப்பட்டது. படத்தின் பின்புறம் அந்தப் பழைய எழுத்து இருந்தால் அது 1918க்கு முந்தியது என்று உடனே முடிவுகட்டிவிடுவோர் உண்டு. நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் பழைய முறையிலேயே பல பத்தாண்டுகள் எழுதிவந்தார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நாட்டிலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். பேரரசின் அதிகாரி என்ற அடையாளமே ஒரு குடும்பத்துக்கு ஆபத்தாக இருந்த காலத்தில், பலர் படங்களை அடுப்பிலிட்டார்கள். எரிக்க மனம் வராதவர்கள் தோள்பட்டையை மட்டும் கத்தி முனையால் சுரண்டினார்கள். அத்தகைய அட்டையைச் சற்றே சாய்த்துப் பிடித்தால், முகத்தில் ஒரு கீறலும் படாமல், தோளில் மட்டும் படலம் உரிந்து அடியிலுள்ள வெள்ளைத் தாள் தெரியும். அந்தக் கை எவ்வளவு நடுக்கத்தோடும் எவ்வளவு அன்போடும் வேலை செய்திருக்க வேண்டும்!

வெளியேறியவர்களின் கதை வேறு. உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளிடம் தோற்றபின், 1920 நவம்பரில் கிரிமியாவிலிருந்து 126 கப்பல்களில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் கான்ஸ்டான்டினோபிளுக்குப் புறப்பட்டார்கள். அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்களும் துணைக்கப்பல்களும் ஏறத்தாழ 6,000 பேரோடு டுனீசியாவின் பிசெர்த்தா துறைமுகம் வரை சென்றன. அங்கே ‘கியோர்கி பொபெதனோசெத்ஸ்’ என்ற பழைய போர்க்கப்பல் அதிகாரிகளின் குடும்பங்களுக்கு வீடாயிற்று. பீரங்கிகளுக்கு நடுவே பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1924 அக்டோபர் 28ஆம் தேதி பிரான்ஸ் சோவியத் அரசை அங்கீகரித்தது. மறுநாள் கப்பல்களில் பேரரசுக் கடற்படையின் கொடியான அந்திரேயர் கொடி இறக்கப்பட்டது.

‘ழார்க்கி’ என்ற நாசகாரிக் கப்பலின் தலைவராயிருந்த அலெக்சாந்தர் மான்ஷ்டைனின் மகள் அனஸ்தாசியா, எட்டு வயதில் அத்துறைமுகத்துக்கு வந்தவர். பிற்காலத்தில் ஷிரின்ஸ்கயா என்று அறியப்பட்ட அவர் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து வாழ்ந்தார். பாரிஸ் மேயராக உயர்ந்த பெர்த்ரான் தெலனோயே அவருடைய மாணவர். பிற நாட்டுக் குடியுரிமையை ஏற்காமல் காத்திருந்து, 1997இல் ருஷ்யக் கடவுச்சீட்டைப் பெற்றார். அந்தப் பழைய போர்க்கப்பலின் தளத்தில் நின்ற தாய்மார்களையும் பிள்ளைகளையும் படத்தில் மட்டுமன்றி நேரிலும் கண்டவர் அவர். இன்னார் மனைவி, இன்னார் மகன் என்று பெயர் சொல்லக்கூடியவராகப் பிசெர்த்தாவில் எஞ்சியிருந்த அந்தப் பெண்மணி, 2009 டிசம்பரில், 97ஆம் வயதில் காலமானார்.